நாவல் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் நாவல் எழுத ஆசைப்படும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் முதல் அத்தியாயத்தைச் சென்னையில் தொடங்குகிறார்கள். மெரினா, மின்சார ரயில், மேன்ஷன் அறை. ஏன் என்று கேட்டால், "நம்மூர்ல எழுத என்ன இருக்கு?" என்கிறார்கள். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான்.

கற்பனைக்கும் சரக்கு வேண்டும், அது நினைவிலிருந்துதான் வரும். அனுபவங்களை நினைவில் பதிய வைக்க மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி தேவை. அது சேதமடைந்து நினைவிழந்த சிலரிடம், வெண்மணல் கடற்கரையில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்து விவரிக்கும்படி லண்டன் ஆய்வாளர்கள் கேட்டார்கள். 2007இல் வெளிவந்த ஆய்வு இது. பெரும்பாலோரால் முழுக் காட்சியைக் கட்ட முடியவில்லை. துண்டு துண்டாகவே வந்தது. நடந்ததை நினைப்பதும் நடக்காததைக் கற்பனை செய்வதும் ஒரே பட்டறை வேலை.

அப்படியானால் உங்கள் சரக்கு எது? 2017இல் ஜிஎஸ்டி வரும்வரை வாளையாறு செக்போஸ்ட்டில் மைல்கணக்கில் நின்ற லாரிகள். வண்டிக்கு அடியில் துண்டை விரித்துத் தூங்கிய கிளீனர். டீசல் வாடையோடு முகத்தில் அறையும் கணவாய்க் காற்று. ரேஷன் கடையில் மலையாளத்தில் சண்டை போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து அதையே தமிழில் சொல்லும் அம்மா. இதெல்லாம் சென்னைக்காரருக்குக் கிடைக்காது. அந்த அம்மாவின் பேச்சை முதல் வரைவிலேயே பாடப்புத்தகத் தமிழாகத் திருத்தியும் விடாதீர்கள்.

கற்பனை வலது மூளைக்காரருக்குத்தான் வரும் என்று நம்பி, 'எனக்கு வலது மூளை இல்லை' என்று ஒதுங்குவது இன்னொரு தவறு. 2013இல் யூட்டா பல்கலைக்கழகத்தார் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் மூளை ஸ்கேன்களைப் பார்த்தார்கள். இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர் என்று ஆட்களைப் பிரிக்க அதில் ஆதாரம் கிடைக்கவில்லை.

மூடு வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில், எழுத்துப் பயிற்சி உள்ளவர்களையும் புதியவர்களையும் ஸ்கேனரில் படுக்கவைத்து, ஒரு கதையைத் தொடர்ந்து எழுதச் சொன்னார்கள். பயிற்சி உள்ளவர்களிடம் காடேட் என்ற பகுதி கூடுதலாக இயங்கியது. பழகப் பழகத் தானாக வரும் திறன்களோடு தொடர்புள்ள பகுதி அது. தினம் ஒரு பக்கம் எழுதுங்கள், மோசமாக வந்தாலும் சரி.

கதை நகராமல் நின்றுவிட்டால் மேசையிலேயே முட்டிக்கொண்டு உட்காராதீர்கள். வாய்க்கால் மேட்டில் ஒரு நடை போய் வாருங்கள். நடக்கும்போது புதிய யோசனைகள் கூடுதலாக வருவதை 2014இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு காட்டியது. ஆனால் ஒரே சரியான விடையைத் தேடும் வேலைக்கு நடை உதவவில்லை. அதனால் அடுத்த திருப்பத்தை நடையில் யோசியுங்கள். கதாநாயகி எந்த வருஷம் எந்த வகுப்பில் படித்தாள் என்ற கணக்கை அப்புறம் உட்கார்ந்து சரிபாருங்கள்.