ஜப்பானில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி வழியே சுவிசேஷம்: இரண்டு வார ஊழியக் குழுவுக்கு ஒரு கையேடு

ஜப்பானில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் இருக்கிறார்கள். ஆங்கிலம் பேசிப் பழக ஆசைப்படுகிறவர்களோ ஊருக்கு ஊர் உண்டு. நடுநிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஆறு ஆண்டுகள் ஆங்கிலம் படித்தவர்கள் அவர்கள். இலக்கணம் தெரியும், வாசிக்கவும் வரும், வாய்தான் திறக்காது. அதனால் அங்குள்ள பல சபைகள் ஆங்கில உரையாடல் வகுப்பு நடத்துகின்றன. சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ போகும் குழு புதிதாக எதையும் தொடங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே நடக்கும் ஒரு வகுப்புக்கு இரண்டு வாரம் கைகொடுத்தாலே போதும்.

முதலில் துண்டறிக்கை. இதில் கோட்டை விட்டால் மற்ற எல்லாம் வீண். மதக் குழுக்கள் என்றாலே அங்கே மக்களுக்கு எச்சரிக்கை உணர்வு அதிகம். 1995-இல் ஓம் ஷின்ரிக்கியோ குழு டோக்கியோ சுரங்க ரயிலில் நச்சுவாயு தாக்குதல் நடத்தியது. 2022-இல் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே கொல்லப்பட்ட பிறகு, கொன்றவரின் தாய் சேர்ந்திருந்த யூனிஃபிகேஷன் சர்ச் என்ற மதக் குழு காணிக்கை வாங்கும் முறை நாடு முழுக்கப் பேசப்பட்டது. 2025 மார்ச்சில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அந்த அமைப்பைக் கலைக்கவே உத்தரவிட்டது. ஆகவே ‘இலவச ஆங்கிலம்’ என்று மட்டும் அச்சடித்து, வந்து உட்கார்ந்த பிறகு வேதாகமத்தை எடுத்தால் அது தூண்டில் போட்டதாகவே ஆகும். எதிரே இருப்பவர் முகத்தில் எதையும் காட்டமாட்டார், மறுநாள் வரவும் மாட்டார். உள்ளூர்ச் சபையின் பெயரும் அதோடு சேர்ந்து கெடும்.

துண்டறிக்கையில் மூன்று விஷயங்கள் ஜப்பானிய மொழியில் தெளிவாக இருக்கட்டும்: நடத்துவது எந்தச் சபை, வாசிக்கப்போவது லூக்கா சுவிசேஷம், விசுவாசிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வருகிறவர் எண்ணிக்கை குறையும். ஆனால் வருகிறவர் தெரிந்தே வருவார். ஆங்கிலம் மட்டும் போதும் என்பவருக்கும் மற்றவர்களுக்குத் தரும் அதே அக்கறையோடு ஆங்கிலம் சொல்லிக்கொடுங்கள்.

தேதியைச் சபையே முடிவு செய்யட்டும். ஏப்ரல் கடைசியில் தொடங்கும் கோல்டன் வீக் விடுமுறையிலும், ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைவுகூரும் ஓபோன் நாட்களிலும் பலர் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். நம் பள்ளி விடுமுறை மே மாதத்தில் வருகிறது என்பதற்காக மே முதல் வாரமே போய் இறங்கினால் காலி நாற்காலிகளோடுதான் பேச வேண்டியிருக்கும். இல்லத்தரசிகளுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் காலை 10 மணி வசதி. அலுவலகம் போகிறவர்களுக்கு இரவு 7 மணிக்கு முன் வழியில்லை. விசா விண்ணப்பத்தில் சபையில் செய்யப்போவதை உள்ளபடி எழுதுங்கள். எந்த விசா பொருந்தும் என்று தூதரகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள். குறுகிய கால விசாவில் சம்பாதிக்க அனுமதி இல்லை. தேநீருக்கு என்று 100 யென் உண்டியல் வைத்தாலும் அது சபையின் கணக்கில்தான் சேர வேண்டும்.

ஒரு மேசையில் கற்பிப்பவர் ஒருவர், கற்பவர் ஒருவர். குழுவில் ஒருவர் ஒரு நாளில் ஐந்து பேருக்கு மேல் எடுக்க வேண்டாம். ஆறாவது ஆள் வரும்போது உங்கள் காது வேலை செய்யாது. ஒரே நபரை இரண்டு வாரத்தில் நான்கைந்து தடவை பார்ப்பதுபோல் அட்டவணை போடுங்கள். நாற்பது பேரை ஒரு தடவை பார்ப்பதைவிட இதுதான் பயன் தரும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். எல்லா மேசைகளும் ஒரே கூடத்தில், ஒருவர் பார்வையில் மற்றவர் இருக்கும்படி அமையட்டும். 18 வயதுக்குக் கீழானவர்கள் என்றால் பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும்.

அமர்வு 60 நிமிடம். முதல் 15 நிமிடம் வேலை, சாப்பாடு, வானிலை என்று பேச்சு. அடுத்த 30 நிமிடம் வாசிப்பும் கேள்விகளும். பிறகு 10 நிமிடம், வாசித்த கதையைக் கற்பவரே தன் சொற்களில் திருப்பிச் சொல்ல. மீதி ஐந்து நிமிடத்தில் அடுத்த சந்திப்பை உறுதி செய்துவிட்டு விடைபெறலாம். மொத்த நேரத்தில் நாற்பது நிமிடமாவது அவர் குரல் கேட்க வேண்டும். நம்மவர்களுக்கு இதுதான் பெரிய சோதனை. எதிரே ஆள் பேசாமல் இருந்தால் நமக்குக் கை கால் ஓடாது, நாமே பேசி இடத்தை நிரப்பிவிடுவோம். அங்கே மௌனம் என்றால் வாக்கியம் உள்ளே உருவாகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் தாளும் பென்சிலும் கொடுத்து, முதலில் எழுதிவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். எழுதியதும் பாதிப் பேருக்குப் பேச்சு வந்துவிடும்.

உங்கள் ஆங்கிலத்தையும் கொஞ்சம் தட்டிச் சரிசெய்ய வேண்டும். வேகத்தைப் பாதியாக்குங்கள். வாக்கியக் கடைசியில் ‘ஒன்லி’, ‘நோ?’ சேர்ப்பதை விடுங்கள். ஆமாம் என்பதற்கு நாம் பக்கவாட்டில் தலையை ஆட்டுவது அங்கே ‘இல்லை’ என்று படும். நேராக மேலும் கீழும் அசையுங்கள். பிழை திருத்தும்போது ஒரு பதிலுக்கு ஒரு பிழைதான். அதையும் சுட்டிக்காட்டாமல், சரியான வடிவத்தில் நீங்களே திருப்பிச் சொல்லுங்கள். அவர் ‘யெஸ்டர்டே ஐ கோ டு ஹாஸ்பிடல்’ என்றால், ‘ஓ, யூ வென்ட் டு த ஹாஸ்பிடல்?’ என்று கேட்டால் போதும். எல், ஆர் ஒலிகள் குழம்புவதை இரண்டு வாரத்தில் மாற்ற முடியாது. அதில் நேரத்தைக் கரைக்காதீர்கள்.

வாசிப்புக்கு எளிய ஆங்கிலத்தில் உள்ள குட் நியூஸ் மொழிபெயர்ப்பு நன்று. நமக்குப் பழகிய, பழைய ஆங்கிலத்தில் உள்ள கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பை அங்கே எடுத்துப் போகாதீர்கள். பக்கத்துக்குப் பக்கம் ஜப்பானியமும் ஆங்கிலமும் உள்ள பதிப்புகள் கிடைக்கின்றன, சபையிடம் கேட்டு வையுங்கள். பிறப்பு வரலாற்றில் தொடங்கினால் பெயர்களிலேயே ஆள் களைத்துவிடுவார். ஐந்து சந்திப்பு என்றால் லூக்காவில் சகேயு (19:1-10), நல்ல சமாரியன் (10:25-37), கெட்ட குமாரன் (15:11-32), சிலுவை (23:32-49), எம்மாவு வழி (24:13-35) என்ற வரிசை நன்றாக நடக்கும்.

சகேயு கதையையே எடுத்துக்கொள்வோம். பத்தே வசனம். இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய ஆயக்காரன் சகேயுவை இயேசு பெயர் சொல்லி அழைத்து அவன் வீட்டுக்குப் போகிறார்; ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக அவன் சொல்கிறான். முதலில் நீங்கள் மெதுவாக வாசியுங்கள், அடுத்து அவர் வாசிக்கட்டும். கடினச் சொற்கள் நான்குக்கு மேல் விளக்க வேண்டாம். ஆயக்காரன் என்றால் ரோமருக்காகச் சொந்த மக்களிடம் வரி பிடுங்கியவன் என்பது மட்டும் தெளிவாக வேண்டும், அது புரியாவிட்டால் ஊரார் ஏன் முணுமுணுத்தார்கள் என்பதும் புரியாது. பிறகு கேள்விகள், எளியதிலிருந்து மேலே. ‘வொய் டிட் ஹி க்ளைம் த ட்ரீ?’ என்பதற்குப் பதில் வசனத்திலேயே இருக்கிறது, அது தைரியம் தரும். அடுத்து, ‘ஹவ் டிட் ஹி ஃபீல் வென் ஜீசஸ் கால்ட் ஹிஸ் நேம்?’ இதற்குப் பதில் வசனத்தில் இல்லை, யோசித்துத்தான் சொல்ல வேண்டும். மூன்றாவது, அவர் பணியிடத்தில் எல்லாரும் ஒதுக்கிவைக்கும் ஒரு ஆளோடு யார் சாப்பிடப் போவார் என்று கேளுங்கள். உரையாடல் அங்கேதான் சூடு பிடிக்கும். பத்தாம் வசனத்தை அவரையே இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லி, அதில் இயேசு தன்னைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

சறுக்குவது பெரும்பாலும் அவர் கேள்வி கேட்கும்போதுதான். சகேயு ஏன் நான்கு மடங்கு திருப்பித் தருவதாகச் சொன்னான் என்பார். நமக்கு உற்சாகம் பொங்கி, யாத்திராகமத்திலிருந்து தொடங்கி ரோமர் வரை ஒரு பிரசங்கமே முடித்துவிடுவோம். இரண்டு வாக்கியம் போதும்: திருடிய ஆட்டுக்கு நான்கு ஆடு என்று அவர்கள் சட்டத்தில் இருந்தது, யாரும் வற்புறுத்தாமல் அவனே அதை முன்வந்து சொன்னான். மேலும் வேண்டுமென்றால் அவரே கேட்பார். ‘பாவம்’ என்ற பேச்சு வரும்போதும் கவனம். காவல் நிலையத்துக்குப் போகும் குற்றத்தை அவர் நினைத்துக்கொண்டு, நான் எதுவும் செய்யவில்லையே என்பார். கெட்ட குமாரன் தகப்பனை விட்டுப் போனதைக் காட்டி விளக்கினால் வாதம் வராது.

‘டூ யூ பிலீவ்?’ என்று நேராகக் கேட்காதீர்கள். விருந்தாளியின் மனம் நோகக்கூடாது என்று ஆமாம் சொல்லிவிடுவார். அந்த ஆமாமை எண்ணிக்கையாக்கி ஊருக்கு அறிக்கை அனுப்புகிற குழுக்களும் உண்டு; அங்குள்ள போதகர்களுக்கு அது தீராத தலைவலி. கதையில் யாரைப் பிடித்தது, எது புரியவில்லை என்று கேளுங்கள்.

உங்கள் சாட்சி, அதாவது நீங்கள் விசுவாசத்துக்கு வந்த கதை, இரண்டு நிமிடத்துக்குள், 150 ஆங்கிலச் சொற்களுக்குள் இருக்கட்டும். ஊரிலேயே எழுதி, சபைக்கு வராத நண்பர் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். ‘பார்ன் அகெய்ன்’, ‘பர்டன்’, ‘அனாயின்டிங்’, ‘வாஷ்ட் பை த ப்ளட்’ எல்லாம் போக வேண்டும். அவர் கேட்டால்தான் சொல்ல வேண்டும், பெரும்பாலும் மூன்றாவது சந்திப்புக்குள் கேட்பார். ஜெபமும் அப்படியே. அனுமதி கேட்டு, அவர் சொன்ன கவலைக்காக மூன்று எளிய வாக்கியம். தலையில் கை வைக்க வேண்டாம், சத்தம் வேண்டாம். சுவர்கள் மெல்லியவை, பக்கத்து வீட்டுக்காரர் சபையிடம் புகார் சொல்வார்.

முகம் தெரியும் படங்களை ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். ‘ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்று பெயரோடு வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவதும் வேண்டாம். ஓய்வுநாள் மாலையில் அசதியில் இதெல்லாம் மறந்துபோகும் என்பதால் புறப்படும் முன்பே எழுதிக் குழுவினரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இரண்டாம் வாரத் தொடக்கத்திலிருந்தே ஒவ்வொரு மேசையிலும் உள்ளூர்ச் சபையார் ஒருவர் பத்து நிமிடம் உட்காரட்டும். கடைசி நாளில் அறிமுகம் செய்தால் அந்த உறவு ஒட்டாது. கற்பவரின் லைன் (வாட்ஸ்அப் போன்ற செயலி) கணக்கை நீங்கள் வாங்காமல், அவருக்குச் சம்மதமென்றால் சபையின் கணக்கோடு இணைத்துவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பு எழுதிப் போதகரிடம் ஒப்படையுங்கள்: எந்த வசனம் வரை வாசித்தார், என்ன கேள்வி கேட்டார், எந்த நேரம் அவருக்கு வசதி. அவர் நம்பிச் சொன்ன குடும்ப விஷயங்களை அதில் எழுத வேண்டாம். வாரந்தோறும் வகுப்பு தொடரும் நாளும் நேரமும் அச்சடித்த அட்டையைக் கடைசிச் சந்திப்புக்கு முந்தைய சந்திப்பிலேயே கொடுத்துவிடுங்கள். கடைசி நாளில் பலர் பரிசோடு வருவார்கள். பதிலுக்குக் கொடுக்க முறுக்கோ தேயிலைத் தூளோ சிறு பொட்டலமாக, ஆளுக்கு ஒன்று என்று கணக்குப் பார்த்து ஊரிலிருந்தே கொண்டுபோங்கள்.