மாலத்தீவுக்கு டிக்கெட் போடுமுன் இறங்கும் நேரத்தைப் பாருங்கள்

மாலத்தீவுக்கு மலிவாக டிக்கெட் கிடைக்கிறதே என்று உடனே பணம் கட்டிவிடாதீர்கள், அந்த விமானம் அங்கே எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று முதலில் பாருங்கள். நீங்கள் வந்திறங்கும் வெலானா விமான நிலையம் இருப்பது தலைநகர் மாலேக்குப் பக்கத்திலுள்ள ஹுல்ஹுலே தீவில். அங்கிருந்து உங்கள் விடுதி இருக்கும் தீவுக்குப் போவது தனிப் பயணம், அதற்குத் தனிக் கட்டணம், பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று.

தூரத்துத் தீவு என்றால் பல விடுதிகளுக்குக் கடல் விமானம்தான், அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலை ஆறு மணிக்கு வந்து இறங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான், விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயில் ஓர் அறை எடுத்துத் தூங்க வேண்டியதுதான், விடுதியில் அந்த இரவுக்குக் கட்டிய பணமும் கடலில் கொட்டிய மாதிரி. மதியம் இரண்டு, மூன்று மணிக்குள் இறங்கினால் நிம்மதி. திரும்பும்போதும் இதே கதை: விடியற்காலை விமானம் என்றால் முந்தின நாள் சாயங்காலத்துக்குள்ளேயே தீவை விட்டுக் கிளம்பியாக வேண்டும்.

பெட்டி எடையையும் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள், கடல் விமானத்தில் வழக்கமாக 20 கிலோ, கைப்பை 5 கிலோ, அதற்கு மேல் காசு.

பக்கத்துத் தீவு என்றால் இந்தத் தலைவலி குறைவு, ஸ்பீட் போட் இருட்டிய பிறகும் ஓடும். அரசின் சாதாரணப் பயணிகள் படகு ரொம்ப மலிவு, ஆனால் மெதுவாகப் போகும், பல தடங்களில் வெள்ளிக்கிழமை ஓடாது.

அப்புறம், விமான எண்ணை விடுதிக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள், கடல் விமானத்தில் இடம் பிடிப்பது அவர்கள்தான்.