கொழும்பிலிருந்து காட்டுக்கு: வனவிலங்கு ஆவணப்படத்துக்கான முதல் ஒளிப்பதிவு

சஃபாரி ஜீப்பில் ஏறும் பயணிக்குச் சிறுத்தையைக் கண்டுவிட்டால் அன்றைய நாள் நிறைவேறிவிடும். ஆவணப்படம் எடுக்கப் போகிறவருக்கோ வேலை அங்கேதான் தொடங்குகிறது. அந்த விலங்கு ஒரு செயலைத் தொடங்கி முடிக்கும் வரை அவர் அதனோடு இருக்க வேண்டும். எங்கே போவது, எப்போது போவது, எதைக் கையில் எடுப்பது என்ற எல்லா முடிவுகளையும் இதை மனத்தில் வைத்தே எடுங்கள்.

முதற்பயணத்துக்குச் சிறுத்தையைவிட யானையையே நான் பரிந்துரைப்பேன். உடவளவை தேசியப் பூங்காவில் ஆண்டு முழுவதும் யானைகளைக் காணலாம். மின்னேரியாவில் ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில், மகாசேன மன்னன் கட்டிய குளத்தின் நீர் வற்றி, வெளிப்பட்ட தரையில் இளம்புல் முளைக்கும்போது, கூட்டங்கூட்டமாக யானைகள் வந்து சேர்கின்றன. சிறுத்தைதான் வேண்டுமென்றால் தெற்கு அதிவேகப் பாதை வழியாக யாலவுக்கோ, புத்தளம் வழியாக வில்பத்துவுக்கோ போகலாம். யாலவின் முதலாம் பிரிவு வறட்சி காரணமாக வழமையாகச் செப்டெம்பரில் மூடப்படுவதால், நாளைக் குறிக்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதத்தையொட்டி யாலவில் பாலைப்பழம் பழுக்கும். அதன் பால் உதட்டில் ஒட்டுவது எப்படியென்று வன்னியில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பழத்துக்காகக் கரடிகள் பகலிலேயே மரமேறும்.

காட்டுக்குப் போகுமுன் கொழும்பிலேயே பழகுங்கள். ராம்சார் என்னும் பன்னாட்டு ஈரநில உடன்படிக்கையின் அங்கீகாரத்தை 2018ஆம் ஆண்டில் பெற்ற நகரம் இது. மீன்பிடிப் பூனைகூட இங்கே வாழ்கிறது. பத்தரமுல்லைக்கு அருகிலுள்ள தலங்கம குளக்கரையில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து, ஒரேயொரு நீர்க்காகத்தைத் தொடர்ந்து பதிவுசெய்து பாருங்கள். அது மூழ்குவதும், மீனோடு மேலே வருவதும், மீனைத் தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்குவதும், பின்னர் கட்டையில் ஏறிச் சிறகை விரித்துக் காயவைப்பதும் ஒரு முழுக்கதை. இதைத் தெளிவாக எடுக்கக் கை பழகாதவர், குலுங்கும் ஜீப்பில் எதையும் எடுக்க மாட்டார்.

தனிப்பட்ட பார்வைக்காக எடுப்பவருக்கு நுழைவுச்சீட்டு போதும். விற்பனைக்கோ ஒளிபரப்புக்கோ எடுப்பவர் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். அனுமதியில்லாமல் ட்ரோன் கொண்டுபோகாதீர்கள். குறிக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் வாகனத்தைவிட்டு இறங்கவும் கூடாது.

கருவிகளில், குவியத்தூரம் 400 மில்லிமீற்றர் அளவுக்காவது நீளும் லென்ஸ் ஒன்று தேவை. முக்காலியை ஜீப்பில் விரிக்க இடமிருக்காது. அதற்குப் பதிலாகப் பழைய ஜீன்ஸின் காலை ஒரு முழ நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையைத் தைத்து, முக்கால் பங்குக்குப் பயறு நிரப்பி, மறுமுனையையும் தைத்துவிடுங்கள். அந்தப் பை ஜீப்பின் கம்பியில் படிந்து உட்கார்ந்து, லென்ஸையும் அசையாமல் தாங்கும். நான் வைத்திருக்கும் பொருள்களில் மிகவும் மலிவானதும், மிகவும் உதவியதும் இதுவே. செக்கனுக்கு 25 பிரேம் என்ற அளவில் எடுக்கும்போது ஷட்டர் வேகத்தை 1/50 செக்கனில் வையுங்கள். வெயில் ஏறியதும், லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி வடிகட்டியைப் போடுங்கள். காலை ஒன்பது மணியைத் தாண்டினால் தரை சூடேறி, தொலைவிலுள்ள உருவங்கள் கானலில் நடுங்கத் தொடங்கும். அதை எந்தக் கருவியாலும் திருத்த முடியாது. ஆகவே வாயில் திறக்கும் ஆறு மணிக்கே உள்ளே நுழைந்துவிடுங்கள்.

என் முதல் பயணத்தில், சிறுத்தை தென்பட்டதாகத் தொலைபேசியில் தகவல் வந்த ஒவ்வொரு முறையும் ஜீப்பை அங்கே விரட்டச் சொன்னேன். மாலையில் பார்த்தபோது என்னிடம் இருந்தவை புழுதியும், பிற ஜீப்புகளின் முதுகும், என்ஜின் இரைச்சலுமே. அதன்பின் சாரதியிடம் புறப்படுமுன்பே பேசிவிடுகிறேன்: யாரையும் துரத்த வேண்டாம், ஒரு நீர்நிலைக்கு அருகில் நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுங்கள். அமைதியானதும் காடே தகவல் தரும். புள்ளிமான்கள் ஒரே திசையை நோக்கி நின்று, முன்னங்காலால் தரையைத் தட்டிக் கூவினால், மரத்திலிருக்கும் மந்தியும் சேர்ந்து குரல் கொடுத்தால், கமெராவை அந்தத் திசைக்குத் திருப்பிக் காத்திருங்கள்.

யானை புல் மேய்வதை எடுத்துக்கொள்வோம். அது முன்னங்கால் நகத்தால் புல்லின் அடியைச் செதுக்கி, துதிக்கையால் கூட்டிச் சேர்த்து, வேரிலுள்ள மண் உதிரும்படி தன் காலிலேயே அடித்து, பின்னர்தான் வாயில் வைக்கும். முதலில் கூட்டத்தையும் குளத்தையும் அகன்ற காட்சியாக எடுங்கள். அடுத்துக் காலையும் துதிக்கையையும் மட்டும். அதற்கடுத்து மண் தெறிக்கும் அந்தக் கணத்தை 100 பிரேமில் எடுத்தால், 25 பிரேமில் ஓட்டும்போது நான்கு மடங்கு மெதுவாக விரியும். சூரியன் யானைக்குப் பின்னால் இருக்கும்படி ஜீப் நின்றால் தூசியின் ஒவ்வொரு துகளும் பொன்னாக ஒளிரும். ஒவ்வொரு காட்சியையும் குறைந்தது 15 செக்கனாவது அசைக்காமல் பிடியுங்கள். யானை காதுகளை விரித்துத் தலையை உயர்த்தி உங்களையே பார்க்கத் தொடங்கினால் பதிவை நிறுத்திவிட்டு, மெல்லப் பின்வாங்கச் சொல்லுங்கள். உங்களால் கலவரப்பட்ட விலங்கின் காட்சி அதன் இயல்பைப் பற்றிய பொய்ச்சாட்சியாகிவிடும்.

ஒலியைப் பலர் மறந்துவிடுகின்றனர். தொலைவிலிருக்கும் யானை புல்லை அடிக்கும் ஓசை கமெராவின் ஒலிவாங்கியில் சரியாக விழாது. அதனால் ஒவ்வோர் இடத்திலும் ஜீப்பிலுள்ள எல்லோரையும் பேசாதிருக்கச் சொல்லி, காற்றுத்தடுப்பு உறையிட்ட தனி ஒலிப்பதிவுக் கருவியில் இரண்டு நிமிடம் காட்டை மட்டும் பதிவுசெய்யுங்கள். படத்தொகுப்பின்போது வெட்டுகளை இணைப்பது அந்த இரண்டு நிமிடமே.

தங்குமிடம் திரும்பியதும், லென்ஸைக் கழற்றுமுன் புழுதியைத் தூரிகையால் துடையுங்கள். அன்றிரவே பதிவுகளை இரண்டு வன்தட்டுகளில் பிரதியெடுத்து, எந்தக் காட்சியில் என்ன நடக்கிறது என்பதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதும்போதே விடுபட்ட காட்சி எதுவென்று தெரியவரும். மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே நீர்நிலைக்குப் போய் அதைத் தேடுங்கள்.