பால் பைத்தானுக்கு வெப்பப் பெட்டி அமைக்கும்போது

பால் பைத்தான் (ball python) என்னும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு வீட்டுக்கு வருமுன்னரே, பெட்டியின் ஒரு பக்கத்தை 31 முதல் 33 டிகிரி செல்சியஸிலும், மறுபக்கத்தை 26 டிகிரி அளவிலும் நிலைநிறுத்தி, இரு பக்கமும் ஒளிந்துகொள்ள இடம் அமைத்துவிட வேண்டும். பெட்டியைச் சூடேற்றும் மின் வெப்பப் பாயை, வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கருவி இல்லாமல் இயக்கவே கூடாது. ஏனெனில் வயிறு புண்ணாகும் அளவுக்குச் சூடேறினாலும் பாம்பு விலகாமல் அதன்மேலேயே கிடக்கக்கூடும்.

இராமநாதபுரம் கடலோரத்தில் சித்திரை, வைகாசி மாதங்களில் அறையின் வெப்பமே 33 டிகிரியைத் தாண்டிவிடக்கூடும் என்பதால், சூடேற்றுவதைவிடக் குளிர்ந்த பக்கத்தைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. எனவே பெட்டியை மேற்குச் சுவரோரம் வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை இரவுகளில்தான் பாய் உண்மையில் தேவைப்படும். உப்புக்காற்றில் மின் இணைப்பு முனைகள் விரைவில் அரிப்பதால் அவற்றை அவ்வப்போது சோதியுங்கள்.

இந்த அயல்நாட்டு இனத்தை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் (PARIVESH) இணையதளத்தில் பதிவு செய்வது கட்டாயம். நம் நாட்டுப் பாம்புகளை வளர்ப்பதற்கோ 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை.