டி கிரே கல்லறைக் கூடத்தைப் படிக்கும் முறை

இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட்ஷயரின் ஃபிளிட்டன் என்னும் சிற்றூரில், திருமுழுக்கு யோவான் தேவாலயத்தை ஒட்டி நிற்கிறது டி கிரே பிரபுக்களின் குடும்பக் கல்லறைக் கூடம். பராமரிப்பது இங்கிலிஷ் ஹெரிடேஜ் என்னும் பாரம்பரியச் சின்னப் பாதுகாப்பு அமைப்பு. எந்நேரமும் கதவு திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், முன்னதாகவே விசாரித்துவிடுங்கள். டார்ச் விளக்கு அவசியம்.

உள்ளே போனதும் பெரிய சிலையைத் தேடி ஓடுகிறவர்கள்தான் அதிகம். நான் எப்போதும் குலச்சின்னம் பொறித்த கேடயங்களில்தான் தொடங்குவேன். இந்தக் கூடம் ஒரு குடும்பம் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்த வரலாறு. கேடயம்தான் அதன் அரிச்சுவடி. வெள்ளியும் நீலமுமாக மாறிமாறி ஆறு கிடைப்பட்டைகள், மேலே மூன்று சிவப்பு வட்டங்கள்: இது, வேல்ஸில் உள்ள ‘ரூத்தின்’ என்ற ஊரின் பெயரால் வழங்கும் கிரே வம்சம். கேடயம் நெடுக்காக இரண்டாகப் பிரிந்திருந்தால், உங்களுக்கு இடப்புறம் தெரிவது கணவன் குலம், வலப்புறம் மனைவி பிறந்த குலம். இது பிடிபட்டால் கல்வெட்டின் லத்தீன் புரியாவிட்டாலும் யார் யாரை மணந்தார் என்று சொல்லிவிடலாம்.

எழுத்து மங்கியிருந்தால் டார்ச்சை நேராக அடிக்காதீர்கள். சுவரோடு சாய்த்துப் பிடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். விரலால் தடவிப் படிப்பதும் தாள் வைத்துத் தேய்த்து நகல் எடுப்பதும் கூடவே கூடாது. கைப்பிசுக்கும் உராய்வும் கல்லைக் கெடுக்கும். அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்காது.

ஆண்டுகளில் கவனம் தேவை. 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. இக்குடும்பத்தில் ஆறாவதாகக் கென்ட் ஏர்ல் என்ற பிரபுப் பட்டம் வகித்த ஹென்றி மறைந்தது நம் கணக்கில் 1615 ஜனவரி. அன்றைய கணக்கில் 1614.

பிறகு சிலைகளின் கிடையைப் பாருங்கள். பழையவர்கள் மல்லாந்து கைகூப்பிக் கிடப்பார்கள். 1740இல் இறந்த, ஏர்லைவிட உயர்ந்த டியூக் பட்டம் பெற்ற இன்னொரு ஹென்றியோ, அதாவது கென்ட் டியூக், ரோமானிய உடையில் சாய்ந்திருக்கிறார். அந்தத் தோரணைக்கு முன் சற்று நில்லுங்கள். பெற்ற மகன்கள் எல்லாரும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். டியூக் பட்டம் அவரோடு முடிந்தது. பேத்தி ஜெமைமாவுக்குச் சேரும்படி டியூக்குக்கு அடுத்த நிலையான மார்க்விஸ் கிரே என்ற புதிய பட்டத்தை அதே 1740இல் பெற்றுவிட்டுத்தான் கண் மூடினார்.

இந்தக் குடும்பத்தார் வாழ்ந்த ரெஸ்ட் பார்க் மாளிகை பக்கத்திலேயே சில்ஸோவில் இருக்கிறது. தோட்டத்தின் நீண்ட நீர்நிலைக் கோடியில் உள்ள ஆர்ச்சர் மண்டபம் இந்த டியூக் கட்டுவித்தது. கல்லறைக் கூடத்தை முடித்துக்கொண்டு அங்கே போங்கள்.