பழைய ஸ்மார்ட்வாட்ச் உங்களுக்குப் பயன்படுமா என்று சோதித்தறிவது எப்படி

பயன்படுத்திய மின்னணுப் பொருள்களைத் தேடி பெங்களூர் எஸ்.பி. சாலைக்குப் போகிறவர்களுக்கும், அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் பத்து ஆண்டுகளுக்கு முன் கொடுத்த கடிகாரத்தைப் பீரோவிலிருந்து மீண்டும் எடுத்துப் பார்க்கிறவர்களுக்கும் ஒரே கேள்விதான் எழுகிறது. 2012க்கும் 2016க்கும் இடையில் வந்த அந்தத் தொடக்ககால ஸ்மார்ட்வாட்ச்சுகள் உண்மையில் உதவுகின்றனவா, அல்லது காசைக் கொட்டி வாங்கிய விளையாட்டுச் சாமான்களா? பெட்டியின் மேல் அச்சிட்ட வசதிகளின் பட்டியலை வைத்து இதற்கு விடை காண முடியாது. கைபேசியைப் பையிலிருந்து எடுக்காமலே உங்களுக்கு முடிகிற வேலை ஒரு நாளில் எத்தனை என்பதும், தயாரித்த நிறுவனம் கைவிட்ட பிறகும் அந்தக் கடிகாரம் எவ்வளவு தூரம் இயங்கும் என்பதுமே விடையைத் தீர்மானிக்கின்றன.

முதல் சோதனைக்குக் கடிகாரமே தேவையில்லை. இரண்டு வேலைநாள்களுக்கு ஒரு துண்டுத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கைபேசியை வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுங்கள். யார் அழைக்கிறார்கள், அடுத்த கூட்டம் எத்தனை மணிக்கு, வந்த ஓ.டி.பி. எண் என்ன என்று பார்த்துவிட்டு மட்டும் வைத்திருந்தால் கோடு இடப்பக்கம் விழட்டும். பதில் எழுதினாலோ, பணம் அனுப்பினாலோ, வரைபடத்தில் வழி தேடினாலோ வலப்பக்கம் விழட்டும். தொடக்ககாலக் கடிகாரங்களால் நன்றாகச் செய்ய முடிந்தது இடப்பக்க வேலைகளை மட்டுமே. வலப்பக்கம் நிறைந்திருந்தால் வாங்க வேண்டாம். அந்தச் சிறிய திரையில் ஒரு வரி பதில் எழுதுவதற்குள் கைபேசியில் வேலையையே முடித்துவிடலாம்.

இடப்பக்கக் கோடுகள் எங்கே விழுந்தன என்பதையும் கவனியுங்கள். நான் அல்சூரில் மெட்ரோ ஏறி ஒயிட்ஃபீல்டு வரை செல்கிறவன். காலை நெரிசலில் ஒரு கை மேலே கைப்பிடியைப் பற்றியிருக்கும். மறு கை முன்பக்கம் மாற்றி மாட்டிய பையை அணைத்திருக்கும். அந்த நிலையில் கைபேசியை எடுப்பது அருகில் நிற்பவரை இடிக்காமல் நடக்காது. ஆனால் கைப்பிடியைப் பற்றிய மணிக்கட்டில் இருக்கும் கடிகாரமோ கண்ணுக்கு நேராகவே இருக்கிறது. என்னுடைய இடப்பக்கக் கோடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை அந்தப் பயணத்தில்தான் விழுந்தன. வீட்டிலிருந்தே வேலை செய்யும் நாள்களில், கைபேசி மேசைமேல் கண்ணெதிரே கிடப்பதால், கடிகாரத்துக்கு வேலையே இருப்பதில்லை. இருசக்கர வண்டி ஓட்டுகிறவர்கள் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலை நினைத்து இதை வாங்க விரும்பலாம். ஓடும் வண்டியில் மணிக்கட்டைப் பார்ப்பதும் கைபேசியைப் பார்ப்பதைப் போலவே ஆபத்தானது என்பதால், அந்தக் கோடுகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள்.

கடிகாரம் யாரை நம்பி உயிர் வாழ்கிறது என்பதை அறிவது அடுத்த சோதனை. பெரும்பாலானோர் கேட்காமல் விடும் கேள்வி இது. பணம் வீணாவதும் இங்கேதான். 2004இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஸ்பாட் வகைக் கடிகாரங்கள், சந்தா கட்டியவர்களுக்கு வானிலையையும் செய்திகளையும் எஃப்.எம். அலைகளின் வழியே பெற்றுத் தந்தன. 2012 ஜனவரி 1 அன்று அந்தச் சேவை நின்றதும் அவற்றின் சிறப்பெல்லாம் ஒரே நாளில் போயிற்று. சாம்சங் 2013 செப்டம்பரில் அறிவித்த கேலக்ஸி கியர் 299 டாலர் விலையுடையது. வெளிவந்தபோது கைபேசிகளில் அது கேலக்ஸி நோட் 3 ஒன்றோடு மட்டுமே இணைந்தது. 2014இல் வட்ட முகத்தால் பலரையும் கவர்ந்த மோட்டோ 360க்கு, 2017இல் வந்த ஆண்ட்ராய்டு வேர் 2.0 என்ற புதிய இயங்குதளம் கிடைக்கவில்லை. 2015இல் ஆப்பிள் தன் முதல் கடிகாரத்தை 349 டாலரிலிருந்தும், அதன் தங்க வடிவத்தை 10,000 டாலரிலிருந்தும் விற்றது. 2018இல் வந்த வாட்ச்ஓஎஸ் 5 இயங்குதளம் இரண்டுக்குமே வழங்கப்படவில்லை. உள்ளிருந்த சில்லு ஒன்றே என்பதால் தங்கத்துக்குக் கொடுத்த விலை அதன் ஆயுளை ஒரு நாள்கூட நீட்டிக்கவில்லை.

இவற்றுக்கு மாறானது பெப்பிள். 2012இல், பொதுமக்களிடம் முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ஏறக்குறைய 69,000 பேரிடமிருந்து ஒரு கோடி டாலருக்கும் மேல் திரட்டி, 2013இல் அனுப்பத் தொடங்கிய அந்தக் கறுப்பு வெள்ளைத் திரைக் கடிகாரத்தைத் தயாரித்த நிறுவனம் 2016 இறுதியில் மூடப்பட்டது. இணையச் சேவைகள் 2018 ஜூன் 30 அன்று நின்றன. ஆயினும் ரீபிள் என்ற பெயரில் ஆர்வலர்கள் அச்சேவைகளில் பலவற்றைத் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். 2025 ஜனவரியில் அதன் இயங்குதள மூலநிரலைக் கூகுள் பொதுவில் வெளியிட்டது. வசதியில் மிகக் குறைந்ததாகத் தோன்றிய கடிகாரமே மற்றவற்றைவிட நீண்ட நாள் பிழைத்திருக்கிறது. என் மதிப்பீட்டில் அக்காலத்துக் கடிகாரங்களில் கொடுத்த விலைக்கு நியாயம் செய்தது இதுதான்.

ஆகவே கடைக்காரர் தம் கைபேசியோடு இணைத்துக் காட்டுவதை ஏற்க வேண்டாம். கடிகாரத்தை முழுவதும் அழித்து, முந்தைய உரிமையாளரின் கணக்கு நீங்கிவிட்டதை உறுதி செய்து, உங்கள் கைபேசியோடு புதிதாக இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். இணைந்த பிறகு கைபேசியின் புளூடூத்தை அணைத்துவிட்டு, மணி, அலாரம், காலடிக் கணக்கு ஆகியவை தொடர்கின்றனவா என்று பாருங்கள்.

அடுத்து சார்ஜரைக் கேளுங்கள். கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டாலும் தவறில்லை. கேலக்ஸி கியரைச் சார்ஜ் செய்ய அதற்கென்றே செய்யப்பட்ட தொட்டில் போன்ற உறை வேண்டும். அது தொலைந்தால் கடிகாரமும் போனதுபோலத்தான். அதன் கேமரா வாரிலேயே பதிக்கப்பட்டிருப்பதால், வார் கிழிந்தால் கடைகளில் கிடைக்கும் வேறொரு வாரை மாட்டவும் இயலாது. முதல் மோட்டோ 360 ‘சீ’ (Qi) என்ற பொதுவான கம்பியில்லாச் சார்ஜிங் முறையைப் பயன்படுத்துவதால், அதன் தாங்கி தொலைந்தாலும் வழி உண்டு. பின்னர் கடிகாரத்தைப் பக்கவாட்டில் பிடித்து, திரைக்கும் சட்டத்துக்கும் இடையே இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பேட்டரி உப்பியிருக்கக்கூடும், அதைத் தொடவே வேண்டாம். நீர் புகாது என்று அன்று சொன்னதை இன்று நம்பி மழையில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். ரப்பர் அடைப்புகள் காலத்தால் தளர்ந்திருக்கும்.

தமிழில் செய்தி வரும் வீடுகளுக்கு இன்னொரு சோதனை கட்டாயம் தேவை. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, ‘கொய்யா’, ‘பௌர்ணமி’, ‘ஸ்ரீ’ ஆகிய சொற்களைச் செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். எழுத்துரு இல்லாத கடிகாரத்தில் வெறும் கட்டங்கள் வரும்; எழுத்துரு இருந்தும் கோக்கத் தெரியாததில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு வலப்பக்கம் போய் நிற்கும். ஊரிலிருந்து அம்மா அனுப்பும் செய்தி கட்டங்களாக வந்தால், அதைப் படிக்க மீண்டும் கைபேசியைத்தான் எடுக்க வேண்டும். அப்போது இடப்பக்கக் கோடுகளெல்லாம் வலப்பக்கம் போய்விடும்.

இவற்றில் தேறிய கடிகாரத்தை ஒரு வாரம் கட்டிப் பாருங்கள். முதல் நாளே அறிவிப்புகளைக் குறைத்து, அழைப்பு, நாள்காட்டி, குடும்பத்தாரின் செய்திகள் ஆகிய மூன்றை மட்டும் அனுமதியுங்கள். எல்லாவற்றையும் அனுமதித்தவர்கள் மணிக்கட்டின் ஓயாத அதிர்வைத் தாங்காமல் நான்காம் நாளே கழற்றி வைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

தினமும் சார்ஜ் செய்ய வேண்டியிருப்பதை நான் பெருங்குறையாகக் கருதவில்லை. 1961 முதல் இந்த ஊரில் செய்யப்பட்ட எச்.எம்.டி. கடிகாரங்களுக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் நாள்தோறும் சாவி கொடுத்துத்தானே வந்தார்கள்? வீடு திரும்பும் நேரத்தில், தேவை மிகும் மாலை ஏழு மணிக்கு, கடிகாரம் அணைந்துபோவதே குறை. பழைய பேட்டரி எத்தனை மணிக்கு ஓய்கிறது என்பதை ஏழு நாளும் குறித்து வையுங்கள். மூன்று நாள் வீடு சேரும் முன் அணைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இதயத்துடிப்பு காட்டும் மாடலாக இருந்தால், அசையாமல் உட்கார்ந்து மறுகையில் நாடியை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். தோலின்மேல் பாய்ச்சிய ஒளி திரும்பி வரும் அளவைக் கொண்டு கணக்கிடும் முறை என்பதால், கை அசைந்தாலோ வார் தளர்ந்திருந்தாலோ எண் பிசகும். மருந்தைப் பற்றியோ மருத்துவரிடம் செல்வதைப் பற்றியோ அந்த எண்ணைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். ஆப்பிள் கடிகாரத்தில் ஈ.சி.ஜி. வசதியே 2018இல் வந்த நான்காம் வரிசையில்தான் சேர்ந்தது.

விலையைப் பொறுத்தவரை, இரண்டாயிரம் ரூபாய்க்குள் புதிய கடிகாரமே கிடைக்கும் நிலையில், பழையதற்கு அதைவிடக் கூடுதலாகக் கொடுக்கக் காரணமில்லை. சோதனையில் தோற்ற கடிகாரம் உங்கள் வீட்டுப் பீரோவிலேயே இருந்ததென்றால், அதைக் காலைக் குப்பையோடு சேர்த்துக் கொடுக்காமல், மின்னணுக் கழிவு பெறும் மையத்தில் ஒப்படையுங்கள். லித்தியம் பேட்டரி குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும்.