டவுன்லோட் செய்த ஃபைல் எங்கே போனது?

போன வாரம் அக்கா போன் செய்தாள். "கரண்ட் பில் ரசீதை நாலு தடவை டவுன்லோட் பண்ணிட்டேன், ஃபைலையே காணோம்டா."

குரோமைத் திறந்து, கண்ட்ரோல் விசையோடு ஜே-யை அழுத்தச் சொன்னேன். இதுவரை இறக்கியதெல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். பக்கத்தில் உள்ள ஃபோல்டர் படத்தைத் தட்டினால், ஃபைல் இருக்கும் இடமே திறந்துவிடும். பார்த்தால், எப்போதோ அவள் மகன் மாற்றி வைத்த 'கேம்ஸ்' ஃபோல்டருக்குள் ரசீதுகள் (1), (2), (3) என்று வால் முளைத்துக் கிடந்தன.

சரி, இடத்தை மாற்ற: வலது மூலையில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், அதில் டவுன்லோட்ஸ். 'லொகேஷன்' எதிரே 'சேஞ்ச்' என்பதைத் தட்டி, வேண்டிய ஃபோல்டரைக் காட்டுங்கள். பென் டிரைவை மட்டும் காட்ட வேண்டாம். அதைக் கழற்றிய பிறகு எங்கே சேமிப்பது என்று தெரியாமல் பிரவுசர் திண்டாடும். சேமிக்கும் முன் இடம் கேட்கும் பொத்தானும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கேட்பது சிலருக்கு எரிச்சல். எனக்கு அதுதான் வசதி, பெயரையும் அங்கேயே மாற்றிவிடலாம்.

பிடிஎஃப் இறங்காமல் பிரவுசரிலேயே விரிகிறதா? செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் 'பிடிஎஃப்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். சைட் செட்டிங்ஸுக்குள் ஒளிந்திருக்கும் அந்த வரி அகப்படும். அதில் 'டவுன்லோட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

அப்புறம், பெயர் 'சிஆர்டவுன்லோட்' என்று முடிந்தால் ஃபைல் இன்னும் முழுதாக இறங்கவில்லை என்று அர்த்தம். பெயரை மாற்றித் திறக்கப் பார்க்காதீர்கள். கண்ட்ரோல்-ஜே அழுத்தினால் வரும் பட்டியலில் 'ரெஸ்யூம்' இருந்தால் அழுத்துங்கள்.